லயத்து அடுப்பும் தேவாலய வாசலும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கிறிஸ்தவம் வேரூன்றிய வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் தேவாலயங்கள் கட்டப்பட்ட ஆண்டுகளையும், கடல் கடந்து வந்த மிஷனரிமாரின் பெயர்களையும், ஞானஸ்நானம் பெற்றவர்களின் தொகையையுமே சான்றாகக் கொண்டுள்ளனர். அந்தத் தொகைக்குள் அடங்காமல் தேவாலய வாசலிலேயே தலைமுறைக்கணக்கில் நின்றவர்களும் தோட்டங்களில் இருந்தனர். உபதேசியார், அதாவது வீடு வீடாகச் சென்று வேதம் கற்பிக்கும் சபை ஊழியர், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்தால் இவர்கள் பாய் விரித்து உட்காரவைப்பார்கள்; ஜெபத்துக்குத் தலைகுனிவார்கள்; நத்தார் ஆராதனைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வார்கள்; ஞானஸ்நானம் என்ற பேச்சு எழும்போது மட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிவைப்பார்கள். மதமாற்ற வரலாறுகள் இத்தயக்கத்தை அறியாமை என்றோ மனவுறுதி இல்லாமை என்றோ ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. தோட்டத்துக் குடும்பத்தின் அன்றாடச் சமையலோடு சேர்த்துப் பார்க்கும்போது, அதற்குத் தெளிவான காரணங்கள் இருந்ததும், அவற்றுள் பல அடுப்படியிலேயே பிறந்ததும் புலப்படும்.

கண்டிச் சீமை எனப்பட்ட இம்மலைநாட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கியது தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், 1820களின் பிற்பகுதியிலாகும். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், திருநெல்வேலி முதலிய பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து அவர்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. வேலைத்தலத்தில் மேற்பார்வையாளராகவும், கடன் கொடுப்பவராகவும், வழக்குத் தீர்ப்பவராகவும் இருந்தவரும் அவரே. 1869இல் கோப்பி இலைகளைத் தாக்கிய நோய் அடுத்த இரு பத்தாண்டுகளுக்குள் அப்பயிரை அழித்துவிட, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை மலைகளை மூடியது. இரயில்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. கோப்பி அறுவடைக்கு வந்து திரும்பிப் போனவர்களின் இடத்தில், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக்காகக் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. அவர்களுக்கான அரிசியை, பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்ததை, தோட்டமே அளந்து கொடுத்து விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1927ஆம் ஆண்டுச் சட்டமும் கூலியை அரிசி விலையோடு பிணைத்தே வகுத்தது. ஆகவே தோட்டத்துச் சமையலின் முதல் முடிவு சமைப்பவளின் கையில் இருக்கவில்லை. பானையில் எவ்வளவு அரிசி விழும், அது எத்தகைய அரிசி என்பதை அலுவலகமும் கங்காணியும் தீர்மானித்தனர். அவளுக்கு எஞ்சியது, அந்த அரிசியை எதனோடு உண்பது, யாருக்குக் கொடுப்பது, யாரிடம் வாங்குவது என்ற முடிவுகளே. சபைக்குள் நுழைவது பற்றிய கேள்வி வந்து மோதியது அந்த எஞ்சிய முடிவுகளின் மீதுதான்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக, சிலவேளை முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாக, கட்டப்பட்ட அறைகளின் தொடர். ஒரு குடும்பத்துக்குரிய அறை காம்பரா எனப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதே பரவலாகக் காணப்பட்ட அளவு. அறைக்கு முன்னுள்ள சிறு தாழ்வாரமான இஸ்தோப்பின் ஒரு மூலையை அடைத்துச் சிலர் அடுப்பு வைத்தனர். மழையும் பனியும் மிகுந்த நுவரெலியா, லிந்துலைப் பக்கத்து உயர்நிலத் தோட்டங்களில் அறைக்குள்ளேயே அடுப்பு எரிந்தது. கவ்வாத்து எனப்படும் வேலையில், சில ஆண்டுகளுக்கொருமுறை தேயிலைச் செடியை வெட்டித் தாழ்த்தும்போது விழும் மிளாறுகளைப் பெண்கள் கட்டித் தலையில் சுமந்து வந்து காயவைத்து விறகாக்கினர். ஈரமிளாறு எளிதில் பற்றாது. பற்றினாலும் புகை முழுவதும் உள்ளேயே தங்கும். பழைய காம்பராக்களின் சுவரும் கூரையும் கரிபிடித்துக் கறுத்திருப்பது அதனால்தான். விடியுமுன் எழுந்த பெண், ஆள்கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குச் செல்வதற்குள், தேத்தண்ணி ஊற்றி, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைக்க வேண்டும். மெல்லிய சுவருக்கு அப்பால் இருந்தவர்களுக்கு இந்த அடுப்பில் நடப்பது எதுவும் மறைவானதல்ல. கருவாடு பொரிகிறதா, பருப்பு தாளிக்கப்படுகிறதா, தேங்காய் உடைவது சம்பலுக்கா சாமிக்கா என்பதை வாசனையும் ஒலியும் சொல்லிவிடும். ஒரு குடும்பம் சாமி கும்பிடுவதை நிறுத்திவிட்டது என்ற செய்தி உபதேசியாரின் குறிப்பேட்டுக்குப் போவதற்கு முன்பே லயம் முழுவதும் அறிந்திருக்கும்.

தோட்டத் தமிழர் நடுவே ஒழுங்கமைந்த புரட்டஸ்தாந்து ஊழியம் தொடங்கியது 1854இல். கண்டிப் பகுதிக் கோப்பித் துரைமார் சிலர் பணம் திரட்டி, சர்ச் மிஷனரி சங்கத்தின் துணையோடு, தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் அதனை நிறுவினர். பெயரிலேயே தொழிலாளரின் தாழ்நிலை பொறிக்கப்பட்டிருந்தது என்பதை இன்று வாசிப்பவர் வருத்தத்தோடுதான் கடக்க முடியும். திருநெல்வேலியில் பணியாற்றியிருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் அதன் முதல் பொறுப்பாளராக வந்தார். உபதேசியார்களும் திருநெல்வேலித் திருச்சபைகளிலிருந்தே வருவிக்கப்பட்டனர். இவ்வேற்பாட்டின் விளைவு ஆழமானது. திருநெல்வேலிக் கிறிஸ்தவம் அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவமும், ஊர் முழுவதுமாகச் சபையில் சேர்ந்த கிராமங்களும், அசனம் எனப்படும் பொதுப்பந்தியில் சபையார் யாவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் திருநாள்களும் கொண்ட முதிர்ந்த சமூகமாகியிருந்தது. ஊரே சேர்ந்துவிட்டால் பந்தியும் சேர்ந்தே மாறும். யாரோடு உண்பது என்ற கேள்வி தனியொரு வீட்டை நெருக்காது. மலையகத்திலோ நிலைமை நேர்மாறானது. முந்நூறு குடும்பங்கள் வாழும் தோட்டத்தில் நான்கைந்து குடும்பங்களே வேதத்தில் சேரும். அவையும் வெவ்வேறு லயங்களில், வெவ்வேறு உறவினரிடையே சிதறிக் கிடக்கும். ஊரோடு மாறுவதற்குப் பழகிய உபதேசியார் தனி வீட்டிடம் கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவரே முழுமையாக உணர்ந்திருப்பாரா என்பது ஐயமே.

உணவையே மனமாற்றத்தின் அளவுகோலாக்கிய பழக்கம் தமிழ்நாட்டு மிஷன்களில் ஏற்கனவே வேரூன்றியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்த இயேசுசபைத் துறவி ரொபர்ட் டி நொபிலி, பிராமணச் சமையற்காரரை வைத்து மரக்கறி உணவு மட்டுமே உண்டு, சாதியைத் தொடாமலே கிறிஸ்தவராகலாம் என்று காட்ட முயன்றார். இதற்கு முற்றிலும் எதிரான முடிவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புரட்டஸ்தாந்தர் வந்தனர். சாதி வேற்றுமையைச் சபையில் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, பறையர் சமைத்த உணவை உண்டு சாதியை விட்டொழித்ததை நிரூபிக்காத எவரையும் திருவிருந்தில் சேர்ப்பதற்கில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. திருவிருந்து என்பது இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் வழிபாடு. அந்தப் பந்திக்குள் செல்ல முதலில் வேறொரு பந்தியில் சோறு உண்டு காட்ட வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை லைப்சிக் லுத்தரன் மிஷன் ஏற்க மறுத்தது. மாநாட்டின் நிலைப்பாடு சமத்துவத்தின் பக்கம் நின்றது என்பதில் ஐயமில்லை. உண்மையில் அக்காலத் தமிழ்ச் சமூகத்தில் அவ்வளவு வெளிப்படையாகத் தீண்டாமையை எதிர்த்த நிறுவனங்கள் மிகச் சில. ஆயினும், ஒருவர் மனச்சாட்சியின் முடிவை மற்றவர் பார்க்க உண்டு நிரூபிக்கும் சோதனையாக அது மாற்றிவிட்டதையும் மறைக்க வேண்டியதில்லை.

மலையகத்திலும் லயங்களைச் சாதிவாரியாக ஒதுக்கும் வழக்கம் நீண்டகாலம் நிலவியது. தொழிலாளருள் பெரும்பான்மையினர் பள்ளர், பறையர், சக்கிலியர் எனத் தீண்டாமைக்குள்ளான சமூகத்தவர்; குடியானவர் என்று தம்மை அழைத்துக்கொண்ட ஏனைய சாதியாரிடமிருந்தே கங்காணிமார் பெரும்பாலும் வந்தனர். வேலைமலையில் ஒரே நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்கள், மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் குடிக்காத நிலை இருந்தது. இச்சூழலில் குடியானவக் குடும்பம் ஒன்று சபையில் சேர்ந்தால், திருவிருந்துக் கிண்ணத்தைப் பகிர்ந்த செய்தி உறவினருக்கு எட்டி, அவர்கள் அவ்வீட்டில் கைநனைக்க மறுக்கும் அபாயம் இருந்தது; கைநனைக்க மறுத்தால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுவிடும். ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கோ தேவாலயம் முதன்முறையாகச் சமபந்தியைத் திறந்தது. ஆனால் அங்கும் தயக்கம் இருந்ததற்குக் காரணம் சாதியன்று, சாமிக்கு வெட்டிய ஆடு.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும், முனியாண்டி, மாடசாமி முதலிய காவல்தெய்வங்களுக்குரிய பூசையும், தேயிலை ஆலையின் சக்கரத்தில் உறையும் ரோதைமுனிக்கும், கவ்வாத்துத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமிக்கும் இடும் படையலும் வேலையோடு பிணைந்த வழிபாடுகள். திருவிழாச் செலவுக்குரிய பணத்தைத் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து அலுவலகத்தின் ஊடாகக் கழித்துக் கோவிலுக்குக் கொடுக்கும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. முனிக்கு வெட்டப்பட்ட ஆடு பங்கு பிரிக்கப்பட்டு வீடுகளுக்குச் செல்லும். ஆண்டின் பெரும்பகுதி பருப்பும் கீரையும் கருவாடுமாகக் கழியும் வீட்டில் ஆட்டிறைச்சி கொதிக்கும் நாள்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்த நாள்களில் ஒன்று இது. மிளகும் மல்லியும் அம்மியில் அரைபட, இறைச்சியின் கொழுப்பில் வெங்காயம் வதங்க, குழந்தைகள் அடுப்பைச் சுற்றியே அமர்ந்திருப்பார்கள். இந்தப் பங்கை வாங்குவதா மறுப்பதா என்பது வேதத்தில் சேர நினைத்த வீட்டின் முன் வந்து நின்ற மிகக் கடினமான கேள்வி. மறுத்தால் சாமியை அவமதித்ததாகும். பின்னர் தோட்டத்தில் அம்மை பரவினாலும் விபத்து நேர்ந்தாலும் பழி அவ்வீட்டின் மேல் விழும். வாங்கினால் உபதேசியாரின் முன் விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்டவராக நிற்க வேண்டும்.

இதே சிக்கலைப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்களில் விரிவாக ஆராய்கிறார். விக்கிரகம் ஒன்றுமில்லாதது என்று அறிந்தவனுக்கு அந்த இறைச்சியால் தீங்கில்லை, ஆனால் பலவீனமான சகோதரன் இடறாதபடி அதைத் தவிர்க்க வேண்டும் என்பதும், அயலார் விருந்துக்கு அழைத்தால் விசாரிக்காமல் உண்ணலாம், படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால் உண்ணலாகாது என்பதும் அவரது வாதத்தின் சாரம். லயத்துக்கு இந்த நெறி எளிதில் பொருந்தவில்லை. கொரிந்து நகரச் சந்தையில் இறைச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியும். பத்தடிக்கு அப்பால் வெட்டப்பட்ட ஆட்டைப் பற்றி அறியாதவர் போல இருக்க எவராலும் முடியாது. ஆகவே பல வீடுகள் தாமே ஓர் இடைவழியைக் கண்டன: இறைச்சிப் பங்கை ஏற்காமல், படையலுக்கு முன்பே தனியாக எடுத்துவைத்த பச்சைக் காய்கறியையோ அரிசியையோ மட்டும் ஏற்பது, ஞானஸ்நானம் பெற்ற கணவன் உண்ணாதிருக்க, பெறாத மனைவியும் பிள்ளைகளும் உண்பது. ஒரே அடுப்பில் வெந்ததை ஒரு வீட்டார் இரண்டு மனச்சாட்சிகளோடு பரிமாறிக்கொண்டனர். பெண் ஞானஸ்நானம் பெறாமல் நின்ற பல வீடுகளில் அவளது தயக்கமே குடும்பத்துக்கு அயலாரோடு இருந்த கதவைத் திறந்துவைத்தது என்று கருத இடமுண்டு. சபைப் பதிவேடுகள் குடும்பத் தலைவனின் பெயரால் எழுதப்பட்டதால், இந்தப் பெண்களின் விவேகம் வரலாற்றில் பதிவாகாமலே போயிற்று. அது பெரிய இழப்பு.

இத்தகைய இடைநிலை கிறிஸ்தவத்துக்குப் புதியதுமன்று. நான்காம் நூற்றாண்டு உரோமப் பேரரசில், வேதம் கற்போர் என்ற நிலையிலேயே பல ஆண்டுகள் தங்கி, ஞானஸ்நானத்தை முதுமை வரை தள்ளிவைப்பது பரவலான வழக்கமாக இருந்தது. கிறிஸ்தவத் தாய்க்குப் பிறந்த அகுஸ்தீனார் ஞானஸ்நானம் பெற்றது 387இல், முப்பது வயதைக் கடந்த பிறகே. அவருடைய தாய் மோனிக்கா வட ஆப்பிரிக்க வழக்கப்படி வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சரசமும் எடுத்துச் செல்பவர் என்பதும், மிலான் நகரில் பேராயர் அம்புரோசியார் அதைத் தடுத்தபின் விட்டுவிட்டார் என்பதும் அகுஸ்தீனாரின் தன்வரலாற்றிலேயே வருகின்றன. முன்னோருக்குப் படைக்கும் பழக்கத்தைச் சமையற்கட்டிலிருந்து விலக்குவது எத்துணை மெதுவாக நடக்கும் காரியம் என்பதைத் திருச்சபை தன் தொடக்க காலத்திலேயே அறிந்திருந்தது.

மலையகத்தில் முன்னோருக்குரிய படையல் மற்றொரு பெருந்தடையாக அமைந்தது. இறந்தவரின் வீட்டில் அடுப்பு மூட்டாமல் உறவினரும் அயலாரும் சமைத்துக் கொண்டுவருவதும், பதினாறாம் நாள் கருமாதியில் இறந்தவர் விரும்பி உண்டவற்றைச் சமைத்துப் படைப்பதும் தமிழர் வழக்கம். மூத்த மகன் ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் இந்தக் கடமையைச் செய்ய முடியாது. ஆகவே தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும்வரை காத்திருப்பது ஒரு மகனுக்கு அவர்கள்பால் உள்ள அன்பின் வெளிப்பாடாகவே இருந்தது. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து, மாமன் சீர் வாங்கி, சடங்கு நடத்துவதும் இதுபோன்றதே. கத்தோலிக்க உலகில் இவை குறித்த சர்ச்சை மிகப் பழையது. 1704இல் பாப்பரசரின் தூதர் டூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட கட்டளை, திருமணத்தில் தேங்காய் உடைப்பதையும் பெண்ணின் பூப்பைக் கொண்டாடுவதையும் தடுத்தவற்றுள் சேர்த்தது; மலபார் சடங்குகள் எனப்பட்ட அச்சர்ச்சை 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசரின் ஆணையோடுதான் ஓய்ந்தது. ஆணைகள் ஓய்ந்தன, களி கிண்டுவது ஓயவில்லை. கத்தோலிக்கக் குடும்பங்கள் உட்பட மலையகத் தமிழர் இச்சடங்கை இன்றும் விட்டுவிடவில்லை.

சேர்வது என்று முடிவெடுத்தவருக்கும் எந்தச் சபையில் என்ற கேள்வி எஞ்சியது. தமிழ்க் கூலி மிஷனுக்குப் பணம் கொடுத்த துரைமாருள் ஆங்கிலிக்கரோடு ஸ்கொட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியரும் இருந்தனர். 1876இல் கொழும்பின் ஆங்கிலிக்கப் பேராயர் ரெஜினல்ட் கொப்பிள்ஸ்டன் சர்ச் மிஷனரி சங்கத்தாரின் உரிமப் பத்திரங்களைத் திரும்பப் பெற்றபோது எழுந்த பூசலில், இந்த மிஷன் யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதும் ஒரு முக்கிய விவாதமாயிற்று. இங்கிலாந்துப் பேராயர்களின் தலையீட்டால் 1880இல்தான் அது தணிந்தது. டிக்கோயாவின் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் இப்பூசலின் நடுவே எழுந்தது. கத்தோலிக்கருக்கு 1886இல் கண்டி மறைமாவட்டம் அமைந்து, சில்வெஸ்திரின் பெனடிக்ட் சபைத் துறவிகள் மலைநாடெங்கும் பணியாற்றினர். மெதடிஸ்தர் 1892இல் ஹட்டனில் ஹைலன்ட்ஸ் பாடசாலையை நிறுவினர். ஒரே நகரத்தில் மூன்று சபைகள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உபவாச ஒழுங்கு. வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்குவதும் தவக்காலத்தில் ஒருசந்தி, அதாவது ஒருவேளை உணவோடு உபவாசம், இருப்பதும் அக்காலக் கத்தோலிக்கருக்குக் கடமையாக இருந்தன. இந்துக் குடும்பங்கள் வெள்ளி, செவ்வாய்களில் விரதமிருந்து பழகியவை என்பதால், உணவு ஒழுங்கு என்ற வகையில் கத்தோலிக்கம் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அந்தோனியார் படமும் வேளாங்கண்ணி மாதா படமும் முருகன் படத்துக்கு அருகே ஒரே மாடத்தில் இடம்பெற்றதும், மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து இந்துக்களும் யாத்திரை சென்றதும் இவ்விணக்கத்தின் அடையாளங்கள்.

தயங்கி நின்றவர்களுக்கு எதிராகவும் சேர்ந்தவர்களுக்கு எதிராகவும் ஒருசேர வீசப்பட்ட பழி, சோற்றுக்காகவே சபையை நாடினார்கள் என்பது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாதுவருஷப் பஞ்சத்தின்போது திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபைகளை அடைந்ததும், அதே பஞ்சம் பெருந்தொகையினரை இலங்கை மலைகளுக்குத் துரத்தியதும் இப்பழிக்கு வலுவூட்டின. பசித்தவனுக்குச் சோறிட்ட கையை அவன் நம்பியதில் இழிவு எதுவும் இல்லை. மலையகத்தைப் பொறுத்தவரை இப்பழி அடிப்படையிலேயே பொருந்தாதது, ஏனெனில் அங்கே அரிசியை அளந்தது தோட்டம், திருச்சபையன்று. இன்னும் சொன்னால் சபையே அரிசி வாங்கும் இடத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளிலும் தமிழ்நாட்டிலும் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் இருந்தது. அளந்து கொடுக்கப்பட்டு, விலை கழிக்கப்பட்டு, மாதக் கடைசியில் தீர்ந்துபோகும் அரிசியில் ஒரு பிடி என்பது எவ்வளவு கனமான காணிக்கை என்பதைத் தோட்டத்துப் பெண்ணே அறிவாள்.

இரண்டாம் உலகப்போர் இந்த அடுப்பையே மாற்றியது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டு முறையில் கோதுமை மா வந்தது. தற்காலிக மாற்றாக வந்த மா நிலையான உணவாயிற்று. துருவிய தேங்காயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையாலேயே கனமாகத் தட்டி, கல்லில் இருபுறமும் கருக வாட்டிய ரொட்டியும், செத்தல் மிளகாயும் வெங்காயமும் தேங்காயும் வைத்து இடித்த சம்பலும், சீனி குறைந்த சாயத்தண்ணியும் இன்று மலையகத்தின் அடையாள உணவாகக் கருதப்படுகின்றன. ரொட்டி விரைவில் வேகும், பகல்வரை கெடாது, கறி இல்லாமலும் வயிற்றை நிறைக்கும். நுவரெலியாச் சரிவுகளில் 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் தொடங்கிய ஐரோப்பியக் காய்கறிப் பயிர்ச்செய்கையின் வழிவந்த கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி ஆகியனவும் லயத்தோரச் சிறு பாத்திகளில் இடம்பிடித்தன. சமய நோக்கில் இம்மாற்றத்துக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. அரிசிச் சோற்றோடும் பொங்கலோடும் பிணைந்திருந்த படையல் ஒழுங்கும் தீட்டு விதிகளும் ரொட்டிக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. வேலைமலையில் ரொட்டியைப் பிட்டுப் பகிர்வது, சோற்றுப்பந்தியில் ஒன்றாக அமர்வதைவிட எளிதாயிற்று. ஒரு வகையில், சபை நூறாண்டு முயன்று செய்ய இயலாததைப் பங்கீட்டு மா ஓரளவு செய்தது எனலாம்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எந்த நாடு என்பதே உறுதியில்லாத குடும்பத்திடம் எந்தச் சபை என்று கேட்பதில் பொருள் குறைவு. 1973–74இல் உணவுப் பங்கீடு வெட்டப்பட்டு, மாவும் அரிசியும் கிடைக்காமல், நாட்டின் மற்றெந்தப் பகுதியையும்விடத் தோட்டங்களிலேயே சாவுகள் கூர்மையாக மிகுந்தன. அந்தக் காலத்தில் கிறிஸ்தவருள் ஒரு சாரார் கேள்வியையே மாற்றி அமைத்தனர். இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம் நிலையமும், அதே ஆண்டில் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகிய லியோ நாணயக்காரவும், தோட்டத் தொழிலாளரின் உரிமையையும் பசியையும் பற்றிப் பேசுவதையே முதற்பணியாகக் கொண்டனர். யார் சபைக்குள் வருகிறார் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சமாயிற்று. மலையகத் திருச்சபை வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க காலம் இதுவே. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், தமிழ்க் கத்தோலிக்க ஆலயங்களில் தைப்பொங்கல் பானை ஏறியது. ஒருகாலத்தில் தேங்காய் உடைப்பதைத் தடுத்த திருச்சபையின் முற்றத்திலேயே பால் பொங்கியது.

கடந்த நாற்பது ஆண்டுகளில் தோட்டங்களில் பரவிய பெந்தெகோஸ்தே சபைகள் இவ்விணக்கத்துக்கு எதிர்த்திசையில் சென்றன. தூய ஆவியின் வரங்களையும் நோய் தீர்க்கும் ஜெபத்தையும் முதன்மைப்படுத்தும் இச்சபைகளின் ஒரு முன்னோடி, 1920களில் கொழும்பில் போதகர் பவுல் தொடங்கிய இலங்கைப் பெந்தெகோஸ்தே சபை. காம்பராவிலேயே கூடும் ஜெபக்கூட்டங்களும், குடியை விட்ட ஆண்களும் பல வீடுகளின் அடுப்பை அணையாமல் காத்தது உண்மை. தவறணைக்குப் போன பணம் அரிசியாகவும் மாவாகவும் வீட்டுக்கு வந்ததைப் பெண்கள் முதலில் உணர்ந்தனர். ஆனால் பொட்டை அழிப்பதோடு, தீபாவளிப் பலகாரத்தையும் கோவில் பிரசாதத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற கண்டிப்பு, சுவர் பகிரும் வீடுகளிடையே ஆறாத மனத்தாங்கலை உண்டாக்கியது. 2004இல் பலவந்த மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, பொருளுதவியும் ஆசைகாட்டுதலாகக் கருதப்படும் வகையில் அது வரையப்பட்டிருந்தது; அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர்நீதிமன்றம் கண்டதால் அது நிறைவேறவில்லை. அயல்வீட்டுக்கு ஒரு சட்டி சோறு கொடுப்பதும் சந்தேகத்துக்குரிய செயலாகக்கூடிய ஒரு சட்டம் லயத்து வாழ்க்கையை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்பதை அதை வரைந்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தாரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்துக்களாகவும், கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினராகவும் பதிவாயினர். இரண்டுக்கும் இடையே நிற்பவருக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பலமடங்கு உயர்ந்தபோது, இரு சமயத்துக் குடும்பங்களும் ரொட்டியின் கனத்தையும் எண்ணிக்கையையும் ஒன்றாகவே குறைத்தன. இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் ஏழு பேர்ச் காணியில் கட்டப்படும் தனிவீடுகளில் சமையலறை தனியாக அமைவதால், அடுத்த வீட்டின் தேங்காய் எதற்கு உடைகிறது என்று அறிய வழியில்லாத குடும்பங்கள் முதன்முறையாக உருவாகின்றன. கொழும்புக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர், தம் வீட்டுச் சமையலை எவரும் அறியாத நகரச் சபைகளில் ஞானஸ்நானம் பெற்று, தீபாவளிக்குத் தோட்டத்துக்குத் திரும்பித் தாய் ஆக்கிய ஆட்டுக்கறியைச் சகோதரரோடு உண்கின்றனர். நகரச் சபையின் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு அவர்கள் முடிவெடுத்து முடித்தவர்கள். தோட்டத்து வீட்டில் அந்த முடிவு ஒவ்வொரு பண்டிகையிலும் இலை போடும்போது மீண்டும் பேசப்படுகிறது.